தண்ணி வருது, போவுது, கழுவல

கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன் பக்கம், சுனாமி அலை வந்த பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில் எங்களுக்கு விழுந்தது கடைசி வரிசை வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அடுப்படி. அந்த அடுப்படிக்கு 2009-இல் துபாயிலிருந்து ஒரு டிஷ்வாஷர் வந்து இறங்கியது. சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கள் தெருவே சிரித்து முடித்துவிட்டது.

அனுப்பியவர் என் வீட்டுக்காரர். எனக்கு அத்தை மகன், அதனால் எனக்கு அவர் மாமா. 2004 கடைசியில் வந்த அலை அவருடைய ஃபைபர் படகைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னந்தோப்பில் இரண்டாகப் போட்டது. என்ஜின் கிடைக்கவே இல்லை. புதுப் படகு தருகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "இனிமே கடலுக்குப் போவ மாட்டேன்" என்று சொன்னவர், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு துபாய்க்குப் போனார். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை என்றார். பக்கத்து வீட்டில் இருக்கிற அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, அதை மீன் மார்க்கெட் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நான் எங்கள் தெருவில் டிகிரி முடித்த முதல் பெண். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ் ஏறினால் புதுச்சத்திரம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைக்கும். பகல் முழுக்க "அடுத்தது, அடுத்தது" என்று ஊரார் பெயரையெல்லாம் கூப்பிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால், அதோடு வாய்க்கு வேலை முடிந்தது. பிள்ளை இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு குழம்புச் சட்டி. ராத்திரிக்குச் சாப்பிடும்போது டி.வி.யை ஓட விடுவேன், பார்க்கிறதற்கு இல்லை, வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்று. தனியாக இருப்பது பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மாமா போன் பண்ணுவார். ஒரு வாரம் முழுக்க அந்தப் போனுக்காகக் காத்திருப்பேன். அது இப்படி இருக்கும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. பணம் வந்துதா?"

"வந்துது."

"அங்க மழையா?"

"இல்ல மாமா."

"சரி, கார்டு தீரப்போவுது. வைக்கட்டுமா?"

கடலுக்குப் போன மனுஷன், வானத்தைப் பற்றிக் கேட்காமல் போனை வைக்க மாட்டார். சித்திரை வெயிலிலும் "அங்க மழையா?" தான். ஆனால் அந்தப் போன் கார்டு இருக்கிறதே, அது என்ன கார்டோ, எந்தக் கடையில் வாங்கினாரோ, நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச வாயைத் திறந்தால் உடனே தீர்ந்துபோகும். அவருக்குப் பேசப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை வைத்தபிறகு அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். உருட்டுகிற சத்தம் கேட்டு அண்ணி அங்கிருந்தே, "தம்பி பேசிட்டானா?" என்பார்.

இந்த நிலைமையில்தான் டிஷ்வாஷர் வந்தது. அங்கே ஏதோ வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணும்போது சகாய விலைக்குக் கிடைத்ததாம், கப்பல் கார்கோவில் போட்டுவிட்டார். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "துணி எங்கப் போடுறது?" என்பதுதான். துணிக்கு இல்லை, பாத்திரத்துக்கு என்றதும் அண்ணி மூக்கில் விரல் வைத்தார்.

"ஒரு தட்டு ஒரு டம்ளருக்கு இம்மாம் பெரிய பொட்டியா? நீ என்னாடி, கல்யாண மண்டபமா வச்சிருக்க?"

"உங்க தம்பியக் கேளுங்க அண்ணி."

"அவன் எங்கடி இதெல்லாம் கண்டான்? சாப்ட்ட தட்டுலயே கை கழுவிட்டு எந்திரிச்சிப் போறவன்."

அது வாஸ்தவம். எங்கள் கல்யாணமான புதிதில் நடந்த பெரிய சண்டையே அதுதான். சாப்பிட்டு முடித்ததும் தட்டிலேயே தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். "நாலு எட்டு வச்சா குழாய் இருக்குது, அங்கப் போயி கழுவக்கூடாதா?" என்று கத்துவேன். "படகு ஓட்டுற கைய்யிடி இது" என்பார். அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூட அவர் கழுவி நான் பார்த்ததில்லை.

மெஷினுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிளக்கை மாற்றினேன். மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாயில் அதன் பைப்பை மாட்டினோம். அதற்குள் உப்புப் போட வேண்டுமாம். மாமா போனில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதற்கு மேல் உப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது? ஆனாலும் போட்டேன். அந்தத் தண்ணீரின் காரை படியாமல் இருக்கத்தான் அந்த உப்பு என்று பிறகு விளங்கியது.

முதல் நாள் ஓட்டும்போது அண்ணி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீர் ஏறி, மேலும் கீழும் தண்ணீரைப் பீய்ச்சுகிற அந்த இரண்டு கைகளும் சுற்றத் தொடங்கியதும், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி சத்தம். அண்ணி, "ஐயோ மழ வந்துடுச்சி!" என்று காயப் போட்டிருந்த கருவாட்டை அள்ள ஓடினார். வெளியே நல்ல வெயில். பாதிக் கருவாட்டை மடியில் கட்டிக்கொண்டு நின்று என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த வெள்ளிக்கிழமை மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைக்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கருவாடு வரைக்கும் வருவதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

மெஷின் நிறையப் பாத்திரம் சேருவதற்கு எனக்குப் பல நாள் ஆகும். எச்சில் தட்டை உள்ளே அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அலமாரியில் சும்மா கிடந்த தட்டுகளையும் எடுத்து, குடும்பம் நடத்துகிற மாதிரி மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன். இன்றைக்கு நீலப் பூப் போட்ட தட்டு, நாளைக்கு எவர்சில்வர். ஆள் ஒருத்திதான், தட்டுதான் மாறும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆட்கள் என்ஜினுக்குப் பூப் போடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் மாலை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. எது சுற்றுகிறதோ அதற்குத்தான் பூ. தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அதிலேயே ஒரு முழம் பூவைக் கட்டிவிடுவோம். மறுநாள் படகு கடலில் இறங்கி விசிறி சுற்றினதும் பூ அறுந்து தண்ணீரோடு போய்விடும். கடல் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். போகாமல் சிக்கிக்கொண்டது என்று எந்த வருஷமும் யாரும் சொன்னதில்லை.

படகு போன பிறகு எங்கள் வீட்டில் ஆயுத பூஜையே இல்லை. அரிவாள்மனைக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்ததோடு சரி. இந்த வருஷம் பார்த்தேன், நம் வீட்டிலும் தண்ணீரில் சுற்றுகிற எந்திரம் ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் கதம்பம் வாங்கி வந்தேன். கதவுக்குச் சந்தனம். உள்ளே கீழ்ப் பக்கம் சுற்றுகிற கையில் பூவைச் சுற்றிக் கட்டினேன். சூடம் காட்டினேன். கொஞ்ச நேரம் அதற்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் படகில் நின்று விசிறிக்குக் கற்பூரம் காட்டுகிற ஞாபகம் வந்தது.

மறுநாள் அப்படியே ஓட்டினேன். திறந்தபோது பூவெல்லாம் உதிர்ந்து அடியில் இருக்கிற ஃபில்டரில் கிடந்தது. பொறுக்கி எடுத்து ஃபில்டரைக் கழுவி மாட்டினேன். கடல் வாங்கிக்கொண்டது என்று எனக்குத் திருப்தி.

அதற்கு அடுத்த தடவை மெஷின் கழுவவில்லை.

தண்ணீர் ஏறுகிறது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை, 'ம்ம்ம்' என்று வயிற்று வலிக்காரன் முனகுகிற மாதிரி ஒரு முனகல். கடைசியில் கடகடவென்று தண்ணீர் வெளியே போகிறது. திறந்தால் போட்ட தட்டு போட்டபடி, குழம்பு காய்ந்தபடி. கதவில் வைத்த சோப்புக் கட்டி பாதி ஊறி உட்கார்ந்திருக்கிறது. சிதம்பரத்தில் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிற ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி வருது, தண்ணி போவுது, அப்பறம் என்னா மேடம் குற?" என்றார். "கழுவலையே" என்றேன். "ஓ" என்றார். டீ குடித்துவிட்டு, மோட்டார் போயிருக்கும், கரண்டில் ஓல்டேஜ் இல்லாமல் இருக்கும் என்று இரண்டையும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை மாமாவிடம், பணம் வந்ததா என்பதற்கும் மழையா என்பதற்கும் நடுவில், "மெஷின் கெட்டுப் போச்சு மாமா" என்றேன். கார்டு தீரப்போகிறது என்பார் என்று காதிலிருந்து போனை எடுக்கப் போனேன்.

"இன்னா ஆச்சி?" என்றார்.

"தண்ணி வருது, போவுது. கழுவல."

"இரு, இரு. தண்ணி ஏறினப்பறம் சத்தம் எப்பிடி வருது? 'ஙொய்'ன்னு வருதா, சத்தமே இல்லையா?"

"முனகுது."

"முனகுதா? அப்ப மோட்டாரு உசுரோடத்தான் இருக்குது. நீ பயப்புடாத. கீழ ஒரு கை இருக்குதே, அதக் கையால சுத்திப் பாரு. கரண்டிக் காம்பு கீழ நீட்டிக்கினு இருந்தா கூட இடிச்சிக்கினு நின்னுடும். நான் நாளைக்குக் கூப்புடுறேன்."

நாளைக்கு! நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சனிக்கிழமை அவர் கூப்பிட்டதே கிடையாது.

சொன்னபடி கூப்பிட்டார். கரண்டி எதுவும் இடிக்கவில்லை என்றேன். அந்தக் கையைக் கழற்றி, அதிலிருக்கிற ஓட்டைகளைக் குத்திப் பார் என்றார். துடைப்பக் குச்சியை உடைத்துக் குத்தினேன். கடுகு வந்தது, கறிவேப்பிலை நரம்பு வந்தது, புளிச் சக்கை வந்தது. மறுநாள் அதை எல்லாம் ஒப்பித்தேன். அவர் சிரித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் போனில் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார், அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். ஓல்டேஜ் இருக்கும்போது போட்டுப் பார் என்றார், கதவை அழுத்திச் சாத்து என்றார். அப்படியே பேச்சு மெஷினை விட்டு வெளியே போகும். அவர் ரூமில் அடுக்குக் கட்டிலில் மேலே படுக்கிறவன் தூக்கத்தில் மலையாளத்தில் திட்டுகிறானாம். வேலைக்குப் போகிற பஸ் கடலோரமாகத்தான் போகிறதாம், அவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாராம். கருவாட்டுக் கதையை நான் முழுசாகச் சொன்னேன். "எங்க அக்காவா? எங்க அக்காவா?" என்று கேட்டுக் கேட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். அந்தக் கார்டு தீரவே இல்லை.

பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன். அந்த வருஷ ஐப்பசி மழை முழுக்க எனக்கு அப்படித்தான் போனது. பூட்டைத் திறக்கிற கை அவசரப்படும்.

ஒரு நாள் தட்டு அடுக்குகிற முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சோத்துப் பருக்கைய மொதல்ல தட்டிடணும் புள்ள. காஞ்ச பருக்கை இருக்குதே, அதான் பேஜாரு. எண்ணெ கூடப் போயிடும். பிரியாணி நாளுன்னா எங்களுக்கு ரெண்டு மடங்கு. தட்டு அடுக்குன ஒரு ராக்கு உள்ள போறதுக்குள்ள அடுத்த ராக்கு வந்து நிக்கும். ஆவி மூஞ்சியில அடிச்சிக் கண்ணே தெரியாது, அந்தச் சூட்டுலயே கைய உட்டு..."

நிறுத்திவிட்டார்.

ஸ்டோருக்கு எதற்குப் பிரியாணித் தட்டு வருகிறது என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

"கார்டு தீரப்போவுது" என்றார்.

"சரி மாமா" என்றேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். போன வருஷம் லீவில் வந்தபோது அவர் கையைப் பிடித்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. கயிறு அறுத்துக் காய்த்துப்போயிருந்த கை, விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, ஊறவைத்த மொச்சை மாதிரி இருந்தது. "ஏசி ரூம்புல சரக்கு எண்ணுறேன் இல்ல, அந்தக் குளிரு" என்றார். நம்பினேன். அந்த லீவில்தான் சாப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் தானே கழுவினார். கழுவி, தண்ணீர் வடிகிற மாதிரி சுவரில் சாய்த்து வைத்தார். "துபாய் உங்களத் திருத்திடுச்சி மாமா" என்று கேலி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. அது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு அழுதேன். வேலை கேவலம் என்று அழவில்லை. எங்கள் ஊரில் ஊரார் எச்சில் தட்டைத் தொடுகிறவனை என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். படகு ஓட்டுகிற கை என்று சொன்ன மனுஷன், எச்சில் தட்டு கழுவுகிறதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமந்துகொண்டு, வாரா வாரம் "சாப்ட்டியா, பணம் வந்துதா" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்கு மேல் பேசினால் வாய் தவறி வந்துவிடும் என்று பயந்திருக்கிறார். நான் கார்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாள் பூராவும் ஊரார் தட்டைக் கழுவினவர், என் கை மட்டும் தண்ணீரில் ஊறக்கூடாது என்று ஒரு மெஷினைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். நானானால் ஒரு தட்டுக்கு இது எதற்கு என்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் கூப்பிட மாட்டார் என்று பயந்தேன். கூப்பிட்டார். குரல் கொஞ்சம் தயங்கியது. நான் முந்திக்கொண்டு, "மாமா, மேல் கையக் கழட்டலாமா, அது திருகா, இழுக்குறதா?" என்றேன். ஒரு பெருமூச்சு கேட்டது. "திருகு" என்றார். அதற்கப்புறம் பழையபடி பேச்சு ஓடியது. ஸ்டோரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வேறு வேலை இல்லாமல் மெஷினைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். ஃபில்டரைத் திருகி வெளியே எடுத்தேன். கீழே ஒரு குழி, அதில் கொஞ்சம் தண்ணீர். டம்ளரால் மொண்டு, துணியால் ஒற்றி எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழிக்குள் பக்கவாட்டில் போகிற பொந்தில் விரலை விட்டேன். விரல் நுனியில் சின்னதாக ஒரு விசிறி தட்டுப்பட்டது. தள்ளினால் நகரவில்லை. அதைச் சுற்றி ஏதோ இறுக்கமாக, வழவழவென்று இருந்தது. புருவம் எடுக்கிற இடுக்கியைக் கொண்டுவந்து பிடித்து இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. முழு நீளத்துக்கு ஒரு வாழை நார்.

பூவைப் பொறுக்கினேனே, பூவைக் கட்டிய நாரை நினைத்துப் பார்த்தேனா? ஃபில்டரை அன்றைக்குச் சரியாகத் திருகி உட்கார வைத்திருக்க மாட்டேன், அது உள்ளே நழுவி விசிறியில் சுற்றிக்கொண்டது. கடலாக இருந்தால் கொண்டுபோயிருக்கும். இந்தப் பெட்டிக்குள் அது எங்கே போகும்? நாரைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கதவைச் சாத்தி ஓட்டினேன். தண்ணீர் ஏறியது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு தகரக் கூரையில் மழை விழுந்தது.

சந்தோஷத்தில் செல்லை எடுத்துவிட்டேன். அவருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கூப்பிடுவார். எடுத்த கை அப்படியே நின்றது.

சரியாகிவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும்? "அப்பிடியா, நல்லதாப் போச்சு" என்பார். அதற்கப்புறம் அவர் எதற்குத் தினம் கூப்பிட வேண்டும்? வெள்ளிக்கிழமை வரும். சாப்ட்டியா, பணம் வந்துதா, அங்க மழையா, கார்டு தீரப்போவுது. செல்லைக் கீழே வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது, "அப்பிடியேதான் இருக்குது மாமா. தண்ணி வருது, போவுது" என்றேன்.

"உடு, பாத்துக்கலாம்" என்றார். அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

இப்படியே நாள் போனது. அவர் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்பே மெஷினை ஓட்டி நிறுத்திவிடுவேன். பாத்திரமெல்லாம் பளபளவென்று அலமாரியில் இருக்கும். நான் போனில் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். அண்ணிகூட ஒரு நாள், "மெஷினுதான் ஓடுதே, தம்பிகிட்ட ஏன்டி ஓடலங்குற?" என்று வாசலில் நின்று கேட்டார். "மெதுவாப் பேசுங்க அண்ணி" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவர் அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம். வேலையிலிருந்து வந்ததும் மெஷினைப் போட்டேன். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்து கரண்ட், போனால் எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று மாமா சீக்கிரம் கூப்பிட்டுவிட்டார்.

"கீழ்க் கையக் கழட்டி மாட்டுனியா?"

"மாட்டுனேன் மாமா. அப்பவும் கழுவல. இப்ப கரண்டும் இல்ல."

"ஓ" என்றார். அப்புறம் அவர் ரூமுக்கு வந்த பூனையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, டி.வி. பேசியது. டி.வி.யை எட்டி அணைத்தேன். மெஷினை மறந்துவிட்டேன். அடுப்படியில் ஒரு 'டக்' கேட்டது. விட்ட இடத்திலிருந்து அது கழுவத் தொடங்கியது. வீடு முழுக்க அந்தச் சத்தம்.

மாமா பேச்சை நிறுத்திவிட்டார்.

போய் அணைத்தால் அணைத்தது தெரியும். அந்தச் சத்தத்தை வேறு ஏதோ என்று சொல்லி இந்த உலகத்தில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், அவரை ஏமாற்ற முடியுமா? இப்போது கேட்பார், எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்பார். கேட்டுவிட்டு, அப்பிடியா என்பார். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர், "அங்க மழையா?" என்றார்.

வெளியே பார்த்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அண்ணி இன்னும் அள்ளாத கருவாடு காய்ந்தபடியே கிடந்தது.

"ஆமா மாமா" என்றேன். "நல்ல மழ."

"ம். கேக்குது."

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. இங்கே மெஷின் கழுவிக்கொண்டிருந்தது.

"எனக்கு இங்க நாளு முச்சூடும் இந்தச் சத்தந்தான் புள்ள" என்றார்.

"தெரியும் மாமா."

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. நானும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அடுப்படியில் கழுவி முடிந்து, தண்ணீர் கடகடவென்று வெளியே போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழ உட்டுடுச்சா?"

"உட்டுடுச்சி மாமா."

"சரி. அந்தக் கீழ்க் கைய இன்னோரு தடவ கழட்டிப் பாரு. அது ஒடனே சரியாவாது. பொறுமையாத்தான் பாக்கணும்."

"பாக்குறேன் மாமா."

"நாளைக்குக் கூப்புடுறேன்" என்றார்.